கோழியின் ஈரலை நம்புகிறவர்கள் எலியின் ஈரலை நம்ப மறுப்பதேன்?

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. புதிதாக ரெக்சின் போட்டுத் தைத்த சீட்டும், மேற்கூரையும், கதவுப் பலகையும் பொருத்திய லாரியைச் சித்திரை மாத வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்தி வையுங்கள். சில நாட்களில் முன்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று படியும். டிரைவர் பழந்துணியால் துடைப்பார். சில நாள் கழித்து மறுபடியும் படியும். கதவைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் "புது வண்டி வாசனை" வேறு!

இந்தப் படலம் எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வரவில்லை. டீசலும் அல்ல. அது பெரும்பாலும் ரெக்சினுக்குள்ளிருந்து வெயிலின் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்த எண்ணெய். இந்த எண்ணெய்க்குப் பட்டறையிலும் கடையிலும் வழங்கும் பெயர் டி.ஓ.பி. விஞ்ஞானிகள் இதை டை எத்தில்ஹெக்சைல் தாலேட் என்று அழைக்கிறார்கள். தாலேட் என்ற பெரிய குடும்பத்தில் இது மூத்த பிள்ளை.

இந்த எண்ணெய் எலியின் ஈரலை என்ன செய்கிறது என்பதை உலகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிந்திருக்கிறது. அறிந்திருந்தும் நமது நாட்டில் ஆலை முதலாளிகள் சொல்வது என்ன? சர்க்கார் அதிகாரிகள் சொல்வது என்ன? "எலிக்கு வந்தால் மனிதனுக்கு வரவேண்டுமா? வீண் பீதி கிளப்பாதீர்கள்!" இதுதான் பதில்.

இந்தப் பதிலை நாம் சோதித்துப் பார்க்கவேண்டும்.

எண்ணெய் எப்படி வந்தது?

பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் இயற்கையில் விறைப்பான பொருள், வளைத்தால் ஒடியும். 1926ம் ஆண்டில் அமெரிக்காவில் அக்ரான் நகரில், பி.எப்.குட்ரிச் என்ற ரப்பர் கம்பெனியின் ரசாயன நிபுணர் வால்டோ செமன் என்பவர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கப் பசை தேடிக்கொண்டிருந்தார். பி.வி.சி.யைக் கொதிநிலை உயர்ந்த திரவங்களில் காய்ச்சியபோது ரப்பர்போல் வளையும் பொருள் ஒன்று கிடைத்தது. அன்று பிறந்ததுதான் இன்றைய ரெக்சின், மின்சார ஒயரின் மேலுறை, தோட்டத்து ஹோஸ் குழாய், மழைக்கோட்டு, குழந்தையின் மிருதுவான பொம்மை, ஆஸ்பத்திரியின் ரத்தப்பை எல்லாம்.

இந்த மிருதுப் பொருள்களில் எடைக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட எண்ணெய் இருக்கும். நூறு கிலோ ரெக்சின் பூச்சில் முப்பது, நாற்பது கிலோ எண்ணெய் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். ஆனால் அதுதான் உண்மை. அதைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. இந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு ரசாயனமாகப் பிணைக்கப்படவில்லை. கடற்பஞ்சில் நீர் தங்குவதுபோல வெறுமனே உள்ளே தங்கியிருக்கிறது. சூடு பட்டால் ஆவியாகிறது. கொழுப்புப் பட்டால், எண்ணெய் பட்டால், ரத்தம் பட்டால் அதில் கரைந்து போய்விடுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. டீக்கடையில் சுடச்சுடச் சாம்பார் கட்டித்தரும் பாலித்தீன் பையில் இந்த எண்ணெயைச் சேர்ப்பதில்லை. அதற்கு வேறு குறைகள் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போடும் போர்வெல்லில் இறங்கும் விறைப்பான பி.வி.சி. குழாயிலும் இது சேர்க்க வேண்டியதில்லை. நாம் பேசுவது வளையும் பி.வி.சி.யைப் பற்றி. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. அந்தத் தடையின்பேரில் பெட்டிக்கடைக்காரனிடமும் பூக்காரியிடமும் அபராதம் வசூலித்தார்கள். ஆனால் அந்தத் தடை டி.ஓ.பி.யைத் தொடவில்லை. பை பிடிபட்டது; பீப்பாய் பிடிபடவில்லை!

எலியின் ஈரலில் நடந்தது

1970ம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேகர், ரூபின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் பையில் சேமித்த ரத்தம் பையிலிருந்தே இந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. ரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிகளின் உடல் திசுக்களில் அது காணப்படுகிறது. உயிர் காக்க ஏற்றிய ரத்தத்தோடு கூடவே ஒரு ரசாயனமும் ஏறியிருக்கிறது!

அதன் பிறகு உலகெங்கும் பரிசோதனைகள் நடந்தன. நமது நாடும் பின்தங்கவில்லை. 1965ல் லட்சுமணபுரியில், அதாவது லக்னோவில், பொதுமக்கள் பணத்தில் நிறுவப்பட்ட தொழிற்சாலை நச்சியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், இந்த எண்ணெய் கொடுக்கப்பட்ட எலிகளின் ஈரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளின் வேலையே மாறிப்போவதைக் கண்டு 1982ல் வெளியிட்டார்கள். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் எலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது, இன்சுலின் தன் வேலையைச் செய்ய முடியாமல் தடைப்படுவதைக் கண்டார்கள். ஆகவே இது அந்நிய நாட்டுச் சரடு அல்ல. நம் சொந்த விஞ்ஞானிகள் தந்த எச்சரிக்கை.

அதே 1982ல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய நச்சியல் திட்டம் ஒரு பெரிய பரிசோதனையின் முடிவை வெளியிட்டது. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் 103 வாரம், ஏறக்குறைய அவற்றின் ஆயுள் முழுவதும், தீவனத்தில் இந்த எண்ணெய் கலந்து கொடுத்தார்கள். சுண்டெலிகளில் பெண் இனத்தின் கணக்கை மட்டும் பாருங்கள். எண்ணெய் கொடுக்காத 50 சுண்டெலிகளில் ஈரல் புற்றுநோய் வந்தவை பூஜ்யம். பத்து லட்சம் பங்கு தீவனத்தில் 3,000 பங்கு எண்ணெய் கலந்து கொடுத்த 50ல் 7. அதை 6,000 ஆக்கியபோது 50ல் 17.

பூஜ்யம், ஏழு, பதினேழு! எண்ணெய் ஏற ஏற நோய் ஏறுகிறது. இதைப் படித்துப் புரிந்துகொள்ளப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை.

நடப்பது என்ன? குடலுக்குள் போன எண்ணெய் அங்கே இரண்டாக உடைகிறது. உடைந்த துண்டு ஈரலுக்குப் போகிறது. ஈரல் வீங்குகிறது. ஈரல் செல்களுக்குள் கொழுப்பை எரிக்கும் சிற்றறைகள் மிதமிஞ்சிப் பெருகுகின்றன. அந்த எரிப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருள்கள் உண்டாகிச் செல்லைச் சிதைக்கின்றன. செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. இப்படி மாதக்கணக்கில் நீடித்தால் கட்டி பிறக்கிறது.

"எலி வேறு, மனிதன் வேறு"

முதலாளிகள் தரப்பு வக்கீல்கள் இங்கேதான் எழுந்து நிற்கிறார்கள். அவர்கள் வாதத்தை மறைக்காமல், முழுமையாகவே எடுத்து வைப்போம்.

1990ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்ற மாபெரும் ரசாயனக் கம்பெனியின் விஞ்ஞானிகள், ஈரல் செல்லில் ஒரு "சுவிட்ச்" இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட ரசாயனங்கள் அந்தச் சுவிட்சைத் தட்டிவிடுவதால்தான் சிற்றறைகள் பெருகுகின்றன என்று தெரியவந்தது. கண்டுபிடிப்பு உண்மையானது, நல்ல விஞ்ஞானம்தான். எலியின் ஈரலில் இந்தச் சுவிட்ச் வலுவாக வேலை செய்கிறது; மனிதனின் ஈரலில் மந்தமாக வேலை செய்கிறது. இதுவும் உண்மையே. ஆனால் இதிலிருந்து ஒரு தாவல் தாவினார்கள். "எலிக்குப் புற்றுநோய் வந்தது இந்தச் சுவிட்சால் மட்டுமே; மனிதனிடம் அது மந்தம்; ஆகவே மனிதனுக்கு அபாயமில்லை!" 2000ம் ஆண்டில் லியோன் நகரில் கூடிய சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் குழு இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டு, "மனிதனுக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும்" என்ற பட்டியலிலிருந்து டி.ஓ.பி.யை இறக்கி, "வகைப்படுத்த முடியாதது" என்ற பட்டியலில் போட்டது. கம்பெனிகள் இதைத் தங்களுக்குக் கிடைத்த நற்சான்றிதழாக உலகமெங்கும் காட்டிக்கொண்டு திரிந்தன.

பிறகு என்ன நடந்தது? 2007ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், அந்தச் சுவிட்சே இல்லாமல் பிறந்த சுண்டெலிகளுக்கு இதே எண்ணெயைக் கொடுத்துப் பார்த்தார்கள். சுவிட்ச் இல்லையென்றால் கட்டியும் வரக்கூடாதல்லவா? வந்தது! சுவிட்ச் உள்ள சுண்டெலிகளைவிடச் சுவிட்ச் இல்லாதவற்றில் அதிகமாகவே வந்தது. நற்சான்றிதழின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டுவிட்டது. 2011ல் அதே சர்வதேச அமைப்பு மறுபடி கூடி, எண்ணெயைப் பழையபடி "புற்றுநோய் விளைவிக்கக்கூடும்" என்ற பட்டியலில் ஏற்றியது. 2021ல் அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் இன்னொரு ஆயுட்காலப் பரிசோதனையை வெளியிட்டது. இம்முறையும் ஆண், பெண் எலிகள் இரண்டிலும் ஈரலில் கட்டிகள். தெளிவான சான்று என்று எழுதினார்கள்.

பதினோரு ஆண்டுகள்! 2000லிருந்து 2011 வரை கம்பெனிகளுக்குக் கிடைத்த அவகாசம் அது. அந்த அவகாசத்தில் எத்தனை பீப்பாய் விற்றிருக்கும்?

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம். இந்த எண்ணெயால் மனிதனுக்கு ஈரல் புற்றுநோய் வந்தது என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. போதிய சான்று இல்லை என்றுதான் அந்த அமைப்பும் சொல்கிறது. ஆனால் "சான்று இல்லை" என்பதும் "அபாயம் இல்லை" என்பதும் ஒன்றா? ரெக்சின் ஆலையில் நூற்று அறுபது டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருளைகளுக்கு முன் நின்று ஆவியைச் சுவாசிக்கும் தொழிலாளியின் ஈரலை இருபது, முப்பது ஆண்டுகள் தொடர்ந்து சோதித்துப் பதிவேடு வைத்தால் அல்லவா சான்று கிடைக்கும்? பதிவேடு வைக்கமாட்டார்கள், சோதிக்கமாட்டார்கள், காண்டிராக்ட் முடிந்ததும் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு "சான்று எங்கே?" என்று நம்மையே கேட்பார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

நாமக்கல் கோழிப் பண்ணை சொல்லும் பாடம்

பிராணியின் ஈரல் மனிதனுக்குச் சாட்சி சொல்லாது என்கிறவர்கள் நமது மாவட்டத்துக் கோழிப் பண்ணைகளுக்கு வந்து பார்க்கட்டும்.

1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென்று மடிந்தன. அறுத்துப் பார்த்தால் ஈரல் அழிந்திருந்தது. காரணத்தைத் தேடியபோது பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சைக் காளான் விஷம் இருந்தது. அதற்கு அப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். எலிக்குக் கொடுத்தார்கள், ஈரல் புற்றுநோய் வந்தது. அன்றும் ஒருவன் "அது வான்கோழிக்கு, எலிக்கு, மனிதனுக்கு அல்ல" என்று சொல்லியிருக்கலாம். 1974ல் என்ன நடந்தது? ராஜஸ்தானிலும் குஜராத்திலும் இருநூறுக்கு மேற்பட்ட கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழைப் பழங்குடி மக்கள் 397 பேர் மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் கண்டு விழுந்தார்கள். 106 பேர் மாண்டார்கள். அதே உணவைப் பகிர்ந்துண்ட வீட்டு நாய்களும் செத்தன. பஞ்சத்தில் நல்ல தானியம் வாங்க வழியில்லாதவன் ஈரலும் வான்கோழியின் ஈரலும் ஒரே விஷத்துக்கு ஒரே மாதிரி பலியாயின. இன்று அப்ளாடாக்சின் மனிதனுக்குப் புற்றுநோய் தருவது என்று சந்தேகமின்றி ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

நாமக்கல் பண்ணை முதலாளிகள் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றார்கள். மக்காச்சோளம் வந்து இறங்கினால், பிண்ணாக்கு வந்து இறங்கினால், தீவனச் சாம்பிளைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைச் சோதிக்கத் தனி ஆய்வுக்கூடமே இருக்கிறது. பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கைவிடக் குறைவான விஷத்தைக்கூட அளக்கிறார்கள். ஏன்? கோழியின் ஈரல் கெட்டால் முட்டை குறையும். முட்டை குறைந்தால் லாபம் குறையும்!

இதை நாம் குறை சொல்லவில்லை, வரவேற்கிறோம். நல்ல விஞ்ஞானம், நல்ல பழக்கம். கேட்பது இதுதான்: கோழியின் ஈரலுக்கு இத்தனை காவல் இருக்கும்போது, பக்கத்துப் பட்டறையில் ரெக்சின் தைக்கிறவனின் ஈரலுக்கு என்ன காவல் இருக்கிறது? தீவன மூட்டைக்கு ஆய்வுக்கூடம் உண்டு, டி.ஓ.பி. பீப்பாய்க்கு ஏன் இல்லை? கோழி கெட்டால் நஷ்டம் முதலாளிக்கு. தொழிலாளி கெட்டால் நஷ்டம் தொழிலாளியின் மனைவி மக்களுக்கு. வித்தியாசம் விஞ்ஞானத்தில் இல்லை. நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதில்தான் இருக்கிறது.

மேட்டூருக்கும் லூயிவில்லுக்கும் என்ன சம்பந்தம்?

எலி முதலில் சொன்னது, மனிதன் பின்னால் செத்தான் என்பதற்கு பி.வி.சி.யின் சொந்தச் சரித்திரமே சாட்சி. இங்கே பேசுவது டி.ஓ.பி. அல்ல, பி.வி.சி.யின் தாய்ப்பொருளான வினைல் குளோரைடு என்ற வாயு. ஆனால் பாடம் ஒன்றே.

அதே குட்ரிச் கம்பெனியின் கூட்டோடு 1960களில் நமது சேலம் சீமையில், மேட்டூரில், பி.வி.சி. தொழில் தொடங்கியது. அந்த நாட்களில் வினைல் குளோரைடு வாயு ஏறக்குறைய தீங்கற்றது என்று கருதப்பட்டது. அமெரிக்க ஆலைகளில் காற்றில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை இருக்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். இத்தாலியில் போலோஞா நகரில் மால்டோனி என்ற விஞ்ஞானி எலிகளை இந்த வாயுவில் வைத்துச் சோதித்தார். 250 பங்கிலேயே ஈரலில் ரத்தக்குழாய்ப் புற்றுநோய் வந்தது. இது 1973ன் தொடக்கத்திலேயே அமெரிக்கக் கம்பெனிகளின் காதுக்கு எட்டிவிட்டது. என்ன செய்தார்கள்? ஐரோப்பியக் கம்பெனிகளோடு இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். தொழிலாளிக்குச் சொல்லவில்லை. அரசாங்கத்தின் தொழில் சுகாதார நிலையத்துக்கும் சொல்லவில்லை.

1974 ஜனவரியில், கெண்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் குட்ரிச் ஆலைத் தொழிலாளர் மூன்று பேர் அதே அபூர்வமான ஈரல் புற்றுநோயால் மாண்ட செய்தி வெளிவந்தது. எலிக்கு வந்த அதே நோய், அதே உறுப்பில்! அதன் பிறகே 500 பங்கு என்ற எல்லை ஒரு பங்காக இறக்கப்பட்டது. அப்போது முதலாளிகள் எழுப்பிய கூச்சல் இருக்கிறதே! "தொழிலே அழிந்துவிடும், லட்சக்கணக்கானோர் வேலையிழப்பார்கள்" என்று அலறினார்கள். என்ன ஆயிற்று? ஆலைகளைச் சீர்செய்தார்கள், தொழில் அழியவில்லை, பி.வி.சி. உற்பத்தி மேலும் மேலும் பெருகியது.

"எலிக்கு வந்தால் மனிதனுக்கு வருமா?" என்று கேட்பவர்களுக்கு லூயிவில் சுடுகாடு பதில் சொல்லும்.

"அளவு மிகக் குறைவு" என்ற வாதம்

இன்னொரு வாதமும் உண்டு. "எலிக்குக் கொடுத்தது மலையளவு, மனிதனுக்குப் போவது கடுகளவு" என்கிறார்கள். சாதாரண மனிதனுக்கு அன்றாடம் போவது எலிக்குக் கொடுத்ததைவிட மிகமிகக் குறைவு என்பது மெய்தான். அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவா போகிறது? குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் ஒரு கிலோ எடையுள்ள சிசுவை நினைத்துப் பாருங்கள். மூக்கில் குழாய், ரத்தக்குழாயில் குழாய், ஏற்றும் ரத்தம் பையில். அந்தச் சிசுவின் எடைக்குக் கணக்கிட்டால் பாதுகாப்பான எல்லையைத் தாண்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே ஆராய்ந்து, 2002ல் டாக்டர்களை எச்சரித்தது. முக்கியமாக ஆண் சிசுக்களுக்கு வேறு பொருளால் ஆன குழாய்களைப் பயன்படுத்தும்படி கூறியது. ஈரல் மட்டுமல்ல, ஆண் குழந்தையின் விரை வளர்ச்சியும் எலிகளில் பாதிக்கப்படுகிறது. அதுவும் ஈரலைப் பாதிக்கும் அளவைவிடக் குறைந்த அளவிலேயே.

அளவு தானாகவே குறைவாக இருக்கும் என்று லாப வேட்டையை நம்பி இருக்கவும் முடியாது. 2011ல் தைவான் நாட்டில் என்ன பிடிபட்டது? பழரசத்திலும் பானங்களிலும் கலக்கும் ஒரு பொருளில் பாமாயிலுக்குப் பதிலாக, செலவு குறையும் என்று இதே டி.ஓ.பி.யை ஊற்றியிருந்தார்கள். ரெக்சினுக்குரிய எண்ணெய் குழந்தைகள் குடிக்கும் பானத்தில்! சில காசு மிச்சம் என்றால் எதையும் எதிலும் கலக்கும் வர்க்கம் இது.

அங்கே ஒரு நீதி, இங்கே ஒரு நீதி

ஐரோப்பாவில் 2007 முதல் குழந்தைகளின் பொம்மைகளில் இந்த எண்ணெய் 0.1 சதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 2015 பிப்ரவரி 21க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் ஆலைகள் இதைப் பயன்படுத்தவே முடியாது. 2020 ஜூலையிலிருந்து வீட்டுப் புழக்கப் பொருள்கள் பலவற்றிலும் தடை விரிந்தது. அமெரிக்காவில் பொம்மைக்கு 2008ல் சட்டம் வந்தது. ஏற்றுமதிக்குப் போகும் சரக்கில் நமது முதலாளிகளும் இதை மறுபேச்சின்றி விட்டுவிடுகிறார்கள். அதே இயந்திரத்தில், அதே பி.வி.சி. பிசினில், டி.ஓ.டி.பி. போன்ற மாற்று எண்ணெய்களை ஊற்றிச் சரக்கைச் செய்கிறார்கள். ஆகவே முடியாதது ஒன்றுமில்லை. வெள்ளைக்காரக் குழந்தைக்கு முடிந்தது, வெண்ணந்தூர்க் குழந்தைக்கு ஏன் முடியாது?

இந்தியாவில் பொம்மைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு உத்தரவு 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், தாலேட்டுக்கும் அதில் எல்லை உண்டு. நல்ல உத்தரவு. ஆனால் ஊர்த் திருவிழாக் கடைகளில் பத்துக்கும் இருபதுக்கும் விற்கும் மிருதுப் பொம்மைகளில் அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள்! காரில் போகிறவன் குழந்தைக்கு முத்திரை போட்ட பொம்மை. கைத்தறிக்காரன், விசைத்தறிக்காரன் குழந்தைக்கு முத்திரையில்லாத பொம்மை. வாயில் வைத்துக் கடிப்பது இரண்டும் ஒன்றுபோலத்தான்.

தொழிலாளர் நிலை இதைவிட மோசம். 1948ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2020ல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21ல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்த புதிய சட்டத் தொகுப்பு, அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. மின்சாரம் இல்லாத இடத்தில் இருபதை நாற்பதாக்கிவிட்டது. நமது சேலம், நாமக்கல் வட்டாரத்தில் குஷன் பட்டறை, ஒயர் ஆலை, ஹோஸ் குழாய் ஆலைகளில் எத்தனையோ இருபது பேருக்கு உட்பட்டவை. ஒரே கையெழுத்தில் அவை தொழிற்சாலையே அல்ல என்றாகிவிட்டன! எலிக்கூண்டிலுள்ள எலிக்காவது எடை பார்க்கிறார்கள், ரத்தம் சோதிக்கிறார்கள், ஈரலை நிறுத்துக் குறிப்பெழுதுகிறார்கள். இந்தப் பட்டறைத் தொழிலாளிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

நாம் கோருவது என்ன?

பட்டறைகளை மூடு என்று நாம் சொல்லவில்லை. ரெக்சினும் ஒயரும் குழாயும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவற்றைச் செய்கிறவன் நம் தோழன். அவன் அடுப்பு எரியவேண்டும். ரத்தப்பையில் இந்த எண்ணெய்க்கு மாற்று காண்பது கடினம் என்பதையும் அறிவோம். சிவப்பணுக்கள் சிதையாமல் காக்க அது உதவுகிறது. அதனால்தான் ஐரோப்பாவே மருத்துவ சாதனங்களுக்கு 2030 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. ஆனால் மாற்று இருக்கும் இடத்தில் மாற்ற மறுப்பது குற்றம். ஆகவே உடனடியாகச் செய்யக்கூடிய கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று: ரெக்சின் சுருளிலும், வளையும் குழாயிலும், எண்ணெய்ப் பீப்பாயிலும் என்ன எண்ணெய் சேர்ந்திருக்கிறது என்பதைத் தமிழில் அச்சிட வேண்டும். எதைத் தொடுகிறோம் என்று அறிவது தொழிலாளியின் உரிமை.

இரண்டு: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சேர்த்துக் கொள்முதல் செய்கிறது. சிசுப் பிரிவுக்கு வாங்கும் குழாய்களில் டி.ஓ.பி. இருக்கக்கூடாது என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். நாமக்கல் முதல் நாகர்கோவில் வரை மாறிவிடும்.

மூன்று: இருபது பேருக்கு உட்பட்ட பட்டறைகளையும் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். காற்றோட்டம், ஆவியை உறிஞ்சும் விசிறி, ஆண்டுக்கொருமுறை ஈரல் பரிசோதனை, ஈ.எஸ்.ஐ. உரிமை, பதிவேடு ஆகியவை வேண்டும். பதிவேட்டின் நகல் தொழிலாளி கையில் இருக்கவேண்டும்.

நான்கு: கோழித் தீவனத்தைச் சோதிக்கும் விஞ்ஞானம் நம் ஊரிலேயே இருக்கிறது. பொம்மையையும் உணவுப் பொட்டலத்தையும் ரெக்சினையும் சோதிக்கும் பொது ஆய்வுக்கூடம் ஒன்றை இந்த வட்டாரத்தில் சர்க்கார் செலவில் நிறுவ வேண்டும். முடிவுகளை மக்கள் முன் வைக்கவேண்டும்.

லாரி பாடித் தொழிலாளர், ஒயர் ஆலைத் தொழிலாளர், டிரைவர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஆகியோரின் சங்கங்கள் அடுத்த மாதக் கூட்டங்களில் இந்த நான்கு கோரிக்கைகளையும் விவாதித்துத் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்ட ஆட்சித் தலைவருக்கும் தொழிலாளர் துறைக்கும் அனுப்ப வேண்டும். கேபின் கண்ணாடியைத் துடைக்கும் டிரைவர் தோழருக்கும், ரெக்சின் வெட்டும் தையல் தோழருக்கும் அந்தப் படலம் என்னவென்று எடுத்துச் சொல்லுங்கள். விஷயம் தெரிந்த தொழிலாளியை "பீதி கிளப்பாதே" என்று அதட்டி உட்காரவைக்க எந்த முதலாளியாலும் முடியாது.

103 வாரம் கூண்டுக்குள் கிடந்து மாண்ட அந்தச் சுண்டெலிகளின் சாட்சியத்தைப் பீரோவுக்குள் பூட்டிவைத்தவர்கள், மனித சாட்சி வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். மேட்டூரும் நாமக்கல்லும் அந்த மனித சாட்சியைத் தரத் தயாராயில்லை. தொழிலாளி எலியல்ல! அவன் ஈரல் யாருடைய பரிசோதனைக்கும் உரியதல்ல!